மடியும் சுருக்குப் பையும்

வேட்டி ஊசியறியாத ஆடை. தறியிலிருந்து அறுத்த துணியை அப்படியே இடுப்பில் சுற்றிக்கொள்வதில்தான் அதன் எளிமையும் கம்பீரமும் அடங்கியிருக்கின்றன. ஆனால், அதே காரணத்தால் அதற்குப் பை கிடையாது. சந்தைக்குப் போகிறவன் காசை எங்கே வைப்பான்? வெற்றிலையையும் பாக்கையும் எங்கே வைப்பான்? நம் முன்னோர் இதற்குக் கண்ட விடை மடி. துணியின் மேல்விளிம்பை இடுப்பில் ஒரு சுற்றுச் சுருட்டிச் செருகினால் தையலின்றியே ஒரு பை உண்டாகிவிடுகிறது. ‘மடிச்சீலை’ என்றால் பணப்பை. ‘மடிப்பிச்சை’ என்றால் துணியை ஏந்திக் கேட்கும் பிச்சை. மடியில் கனமில்லையென்றால் வழியில் பயமில்லை என்னும் பழமொழியை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அதைச் சொல்லுகிற பலர் இன்று மடியில் எதையும் வைப்பதில்லை. கால்சட்டையில் வைத்திருக்கிறார்கள்.

மடி நம்முடைய தனிச்சொத்து என்று எண்ணிவிட வேண்டாம். தையல் குறைந்த ஆடையை உடுத்திய எல்லா நாட்டாருக்கும் அது உண்டு. இயேசு தம் சீடரை அனுப்பும்போது இடைக்கச்சையில் பொன்னோ வெள்ளியோ செப்புக் காசோ வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொன்னதாக மத்தேயு எழுதுகிறார். பாலஸ்தீனத்து ஆடவர் காசைக் கச்சையின் மடிப்பில் செருகி வைத்தனர் என்பதை அறியாதவருக்கு இந்தக் கட்டளை விளங்காது. கொடுங்கள், உங்களுக்கும் கொடுக்கப்படும் என்ற போதனையில் லூக்கா காட்டுகிற அமுக்கிக் குலுக்கிய அளவை வந்து விழுகிற இடமும் அத்தகைய ஆடை மடிப்பே. அதை மொழிபெயர்த்தவர்களுக்கு ‘மடி’ என்னும் சொல் தேடாமலே கிடைத்திருக்கும்.

மடி போதாதபோது வேறு வழிகள் வந்தன. இருபுறமும் கயிறு கோத்த சுருக்குப் பை ஒன்று. பின்னாளில், வேட்டிக்கும் கைலிக்கும் மேலே இறுக்கிக் கட்டுகிற அகலமான பெல்ட். அதில் இரண்டு மூன்று பைகள் இருக்கும். மாட்டு வியாபாரியையும் மண்டிக்காரரையும் அந்தப் பெல்ட்டைக் கொண்டே தொலைவிலிருந்து அடையாளம் காணலாம். இன்னொன்று பட்டாபட்டி. கோடு போட்ட அந்த அரைக்கால் உள்ளாடையின் பையில் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானமே அடங்கிவிடும். பேருந்தில் சீட்டு வாங்க வேண்டுமானால் வேட்டியை நன்றாகத் தூக்கியாக வேண்டும். நாகரிகம் கருதியாவது இதற்கு ஒரு மாற்று வேண்டியிருந்தது!

மாற்று வந்துவிட்டது. இடுப்பில் ஒட்டிக்கொள்கிற பட்டையும் பக்கத்தில் பையும் தைத்த வேட்டிகள் இன்று துணிக்கடைகளில் கிடைக்கின்றன. கைப்பேசியை வைக்க அந்தப் பை மிகவும் வசதி. இங்கேதான் ஒரு சிறிய வழக்கு எழுகிறது. பை வைத்த வேட்டி கட்டியவன் பெல்ட்டும் கட்ட வேண்டுமா? வேட்டி நிற்கப் பட்டை இருக்கிறது. பணம் வைக்கப் பை இருக்கிறது. பெல்ட் எதற்கு? பெல்ட் கட்டாத வேட்டி ஆளுக்கு ஒரு நிறைவைத் தருவதில்லை என்பர் பெரியவர்கள்.

இதே வழக்கு ஸ்காட்லாந்திலும் உண்டு. அங்குள்ள மலைநாட்டு ஆடவர் உடுத்தும் ‘கில்ட்’ நம் வேட்டியைப் போலவே பையில்லாத ஆடை. ஆகவே முன்புறம் ஒரு தோல்பையைத் தொங்கவிட்டார்கள். அதன் பெயர் ‘ஸ்போரன்’. அவர்களுடைய கேலிக் மொழியில் பணப்பை என்பதே பொருள். தொடக்கத்தில் அது மான்தோலில் செய்து கயிற்றால் சுருக்கிய பை, அதாவது நம் பாட்டிமாரின் சுருக்குப் பைக்கு உடன்பிறப்பு. கலோடன் போரில் மலைநாட்டார் தோற்ற 1746-ஆம் ஆண்டிலேயே அவர்களது ஆடையைத் தடைசெய்து சட்டம் பிறந்தது. 1782-இல்தான் அது நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அதை அணிய உரிமை பெற்றிருந்தவர்கள் ஆங்கில அரசின் மலைநாட்டுப் படையினர். தடை நீங்கியபின் அந்த ஆடை அன்றாட உடையாகத் திரும்பவில்லை. விழாவுக்கும் அணிவகுப்புக்கும் உரிய கோலமாகவே திரும்பியது. பையும் உடன் மாறியது. 19-ஆம் நூற்றாண்டில் நீண்ட குதிரைமயிரும் வெள்ளிப் பூணுமாக முழங்கால்வரை தொங்கிய அந்தப் பைகள் காட்சிக்கே பெரியவை. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒருவர் பக்கங்களில் பெரிய பைகள் தைத்த கில்ட்டை விற்கத் தொடங்கினார். அன்றுமுதல், இனி ஸ்போரன் தேவையா என்று அவர்களும் வாதிடுகிறார்கள். ஒரு சாரார் தேவையில்லை என்கிறார்கள். மற்றவர்கள், அது இல்லாவிட்டால் முன்புறம் வெறுமையாக இருக்கிறது என்கிறார்கள்.

சப்பானியரின் கிமோனோவுக்கும் தொங்கும் பைதான் துணை. கச்சையில் தொங்கவிட்ட சிறு பேழைகளும் அவை நழுவாதபடி தாங்கிய தந்தக் குமிழ்களும் 1868-க்குப் பிறகு மேனாட்டுச் சட்டை பரவியதும் வேலையிழந்தன. இன்று அந்தக் குமிழ்களை அருங்காட்சியகங்களில்தான் காண வேண்டும்.

வேலையிழந்த பொருள் அணியாகி நீடிக்கலாம், அல்லது மறைந்துவிடலாம். நம் திருச்சபையும் இரண்டையும் கண்டிருக்கிறது. முதியோர் சிலருக்கு நினைவிருக்கும்: முன்பெல்லாம் திருப்பலி நிறைவேற்றும் குருவானவரின் இடக்கையில் குறுகிய பட்டுத் துண்டு ஒன்று தொங்கும். லத்தீனில் அதை ‘மானிப்புலுஸ்’ என்பார்கள். தொடக்கத்தில் அது முகமும் கையும் துடைக்கும் கைக்குட்டையே. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அது பட்டாயிற்று, சரிகையாயிற்று. வியர்வையைத் துடைத்தால் பாழாகிவிடும் என்ற நிலையையும் அடைந்தது. 1967 மே 4-ஆம் நாள் உரோமையிலிருந்து வெளிவந்த அறிவுறுத்தல், அதை இனி அணிய வேண்டியதில்லை என்று அறிவித்தது. அதனால் திருப்பலிக்கு யாதொரு குறையும் நேர்ந்துவிடவில்லை.

ஆண்களின் பெல்ட்டைக் குறித்து என் கருத்தும் இதுவே. நம் பெல்ட் ஸ்போரனைப்போல ஒருபோதும் வெள்ளிப் பூண் பூண்டதில்லை. அது வியாபாரத்தின் கருவி. கோவிலுக்கு வரும்போது பலர் அதைச் சட்டைக்குள் மறைத்தே வந்தார்கள். வேட்டி நழுவுமென்ற அச்சமில்லாதவன் அதைக் கழற்றி வைக்கட்டும். அதற்காக யாரும் பண்பாடு அழிந்ததென்று புலம்ப வேண்டியதில்லை. 2014-இல் நீதிபதி ஒருவரையே வேட்டி கட்டி வந்ததற்காகச் சென்னையில் ஒரு மன்றம் வாசலில் நிறுத்தியபோது, அவ்வாறு தடுப்பதைக் குற்றமாக்கித் தமிழக அரசு அதே ஆண்டு சட்டம் இயற்றியது. காக்க வேண்டியது வேட்டியை, பெல்ட்டை அன்று.

ஆனால், இவ்வளவும் ஆண்களின் வழக்கு. வேட்டிக்குப் பை வந்தது; சேலைக்கு வந்ததா?

கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறுகிறவர்கள் சோளக்காட்டுச் சந்தையில் சற்று நின்று பார்க்கட்டும். வாழையும் மிளகும் பலாவும் அன்னாசியும் கொண்டுவந்து விற்கிற மலையாளிப் பழங்குடிப் பெண்களில் வயதானவர்களைக் கவனியுங்கள். விற்ற காசு உள்ளங்கையில் நிற்பதில்லை. இடுப்பிலிருந்து சுருக்குப் பை வெளியே வரும்; கயிறு தளரும்; வெற்றிலைக்கும் பாக்குக்கும் கீழே காசு இறங்கும்; கயிறு இறுகும்; பை மீண்டும் இடுப்புக்குள் மறையும். கீழ்நாட்டுச் சிற்றூர்களிலும் இதையே காண்கிறோம். நம் வீடுகளில் இந்தப் பணத்துக்கு ஓர் அருமையான சொல் உண்டு: சிறுவாடு. கணவனுக்குத் தெரியாமல், அல்லது தெரிந்தும் அவன் கேட்காமல் விட, மனைவி சேர்த்து வைக்கிற தொகை. அதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் கதவைத் திறந்தது பெரும்பாலும் அந்தப் பணமே.

இங்கிலாந்துப் பெண்களும் ஏறத்தாழ 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை, பாவாடைக்குள்ளே நாடாவில் கட்டிய பைகளை இடுப்பில் சுமந்தார்கள். அவர்கள் கணவன்மாரின் உடுப்பில் பைகள் வெளிப்படையாகத் தைக்கப்பட்டிருந்தன. மணமான பெண்ணின் கூலிகூடச் சட்டப்படி கணவனுக்கே உரியதாக இருந்த நாடு அது. 1870-இல் கூலியும் 1882-இல் மற்றச் சொத்துகளும் அவளுக்கே உரியவை என்று சட்டம் ஏற்றுக்கொள்ளும்வரை, இடுப்பில் மறைந்திருந்த அந்தத் துணிப்பை ஒன்றே பலருக்குத் தனியுடைமையாக இருந்தது.

அதெல்லாம் பழங்கதை என்று கொல்லிமலைப் பெண்ணிடம் சொல்லிவிட முடியாது. தமிழகத்தில் 1989-இல் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு உண்டென்று சட்டம் வந்தது. 2005-இல் நாடு முழுவதற்கும் அது வந்தது. இரண்டும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் திருத்தங்கள். அந்த மூலச் சட்டமோ, மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றிப் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று 1956-இலேயே எழுதி வைத்திருக்கிறது. பழங்குடியினரின் வழக்காறுகளில் தலையிடாதிருக்கும் நல்லெண்ணத்தில் எழுதப்பட்டதாக இருக்கலாம். விளைவு என்னவெனில், நிலம் மகன்வழியே செல்லும் வழக்கமுள்ள மலையில் மகள் அந்தச் சட்டத்தைக் காட்டி ஒரு குழி நிலம்கூடக் கேட்க முடிவதில்லை. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பழங்குடிப் பெண் ஒருவரின் வழக்கில், இன்றைய சட்டப்படி பங்கு தர இயலாது என்று கூறியதோடு, இந்த விலக்கை மறுஆய்வு செய்யும்படி மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. நிலம் கிடைக்காதவளுக்கு மிளகு விற்ற காசும் அதை வைக்கிற பையும் எத்தனை பெரியவை என்பதை அன்பர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

2016 நவம்பர் 8-ஆம் நாள் இரவு, ஐந்நூறு ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது சிறுவாடு முழுவதும் ஒரே வாரத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. அரிசிப் பானையிலும் பையிலும் இருந்ததைப் பெண்கள் கணவனிடமோ மகனிடமோ எடுத்துக் கொடுத்து மாற்றித் தரச் சொல்ல வேண்டியதாயிற்று. கொடுத்ததெல்லாம் திரும்பி வந்திருக்குமா? பிறகு 2023 செப்டம்பர் 15-ஆம் நாள் குடும்பத் தலைவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாயை அவர்களது வங்கிக் கணக்கிலேயே செலுத்தும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. பணம் அவள் பெயரில் வருகிறது. ஆனால் அதை எடுக்கும் அட்டையும் இரகசிய எண்ணும் யாரிடம் இருக்கின்றன என்பதை ஒவ்வொரு வீடும் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இளம்பெண்கள் இப்போது உள்பாவாடையில் பை வைத்துத் தைத்துக்கொள்கிறார்கள். அதுவும் மறைந்த பைதான். முதியவர்களோ சுருக்குப் பையை விடுவதாக இல்லை. காணிக்கை எடுக்கிற தம்பிமார்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆண்கள் வரிசையில் தட்டு விரைந்து நகர்கிறது. பெண்கள் பக்கம் பாட்டியொருத்தி கயிற்றைத் தளர்த்தி, வெற்றிலையை ஒதுக்கி, அட்டையை ஒதுக்கி, நாணயத்தைத் தேடி எடுக்கும்வரை நிற்க வேண்டியிருக்கிறது. பாட்டு முடிந்துபோனாலும் பொறுமையாக நிற்கும்படி அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.