காவிரிக் குடும்பம்

காவிரிக் குடும்பம் என்பது தமிழ்நாடு, கர்நாடக உழவர்கள் காவிரி நீர் குறித்து நேரில் அமர்ந்து பேசுவதற்காக 2003-இல் உருவான குழு. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனப் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் இதற்கு முன்கை எடுத்தார்.

நீரும் நெல்லும்

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இரண்டுக்கும் இடையே ஸ்ரீரங்கம் தீவு. முக்கொம்பு மேலணையை 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டினார். தீவின் கீழே உள்ள கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் வழியாக டெல்டாவுக்கு நீர் பாய்கிறது. டெல்டா பாசனத்துக்காக மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு. திறப்பு தள்ளிப்போனால் நாற்றங்காலில் நாற்று முற்றிவிடும். தாமதமாக நட்ட குறுவை நெல்லோ அறுவடை வேளையில் வடகிழக்குப் பருவமழையில் சிக்கும். நடவு நின்றால் நிலமில்லாத கூலித் தொழிலாளிக்கும் அடுப்பெரியாது.

மோதல்

காவிரி நீரைப் பங்கிட 1990-இல் நடுவர் மன்றம் அமைந்தது. 1991-இல் அது, கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு 205 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) நீர் விட இடைக்கால ஆணையிட்டது. அதையொட்டி அவ்வாண்டு டிசம்பரில் பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர்கள் தாக்கப்பட்டனர். ஏராளமானோர் வீடு விட்டு வெளியேறினர். 2002 வறட்சியில் பகை மீண்டும் மூண்டது.

பேச்சு

மறு ஆண்டே உழவர்கள் சந்தித்தனர். தமிழ்நாட்டுத் தரப்பில் மன்னார்குடி உழவர் எஸ். ரங்கநாதனும் கர்நாடக விவசாயிகள் சங்கத் தலைவர் கே.எஸ். புட்டண்ணய்யாவும் இதில் முக்கியப் பங்காற்றினர். இரு தரப்பினரும் மாறி மாறி அடுத்தவர் வயல்களுக்கே சென்று பார்த்தனர். மழை பொய்த்த ஆண்டில் பற்றாக்குறையை எப்படிப் பங்கிடுவது என்பதே இவர்கள் எடுத்துக்கொண்ட மையக் கேள்வி.

பின்விளைவும் மதிப்பும்

நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பு 740 டிஎம்சியில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 டிஎம்சி என ஒதுக்கியது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தர வேண்டிய அளவை 192-லிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. ஜூனில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அமைந்தது.

இரு தரப்பும் ஏற்கும் பற்றாக்குறைப் பங்கீட்டைக் குழுவால் எட்ட முடியவில்லை. 2016-இல் பெங்களூரில் மீண்டும் வன்முறை வெடித்தது. ஆனாலும் குழு காட்டிய வழி சரியானது. அணைகள் நிரம்பும் ஆண்டில் பூசல் எழுவதில்லை. மழை குறைந்த ஆண்டில்தான் பசியும் பகையும் சேர்ந்து வருகின்றன. அந்த ஆண்டுக்கான பங்கை, பயிரிடுவோரே முன்கூட்டிப் பேசி ஒப்புக்கொள்வது டெல்டாவின் சோற்றுக்கும் இரு மாநில அமைதிக்கும் ஒருசேரக் காப்பாகும்.