கண்ணாடியில் எழுதிய சித்திரங்கள்: பின்போல் இயந்திரமும் இரசிகர்களின் தீர்ப்பும்

சில மாதங்களுக்கு முன்னர் கனடாவில் இருந்து விடுமுறையில் கொழும்பு வந்திருந்த எனது பழைய நண்பர் ஒருவரின் மகன் தனது கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "அங்கிள், இதைப் பாருங்கோ. இப்படியும் ஒரு மெஷினுக்குப் படம் கீறுவினமோ?" என்று மிகுந்த ஆதங்கத்துடன் கேட்டார். விரைவில் சந்தைக்கு வரவிருந்த பின்போல் இயந்திரம் ஒன்றின் முன்னோட்டப் படம் அது. அந்த இயந்திரத்தை அவர் நேரில் கண்டதில்லை. அதில் ஒரு பந்தைக்கூட உருட்டிப் பார்த்ததில்லை. ஆனால், படத்தைக் கண்டவுடனேயே அவரும் அவரது நண்பர்களும் தீர்ப்பை வழங்கிவிட்டார்கள்.

ஒரு விளையாட்டுப் பொருளின் மேல் ஒட்டப்படும் படத்துக்காக வளர்ந்த மனிதர்கள் ஏன் இவ்வளவு கோபப்படுகிறார்கள் என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. அதற்குப் பதில் தேடியபோது சுமார் 90 வருடகால வரலாறு ஒன்று கண்முன் விரிந்தது. அதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வது பயனுடையது என்று நினைக்கிறேன்.

பின்போல் என்பது சரிவான ஒரு பலகையின் மீது உருக்குப் பந்து ஒன்றை வில்விசையினால் செலுத்தி, அது கீழே விழுந்துவிடாமல் இரு பக்கமும் உள்ள சிறிய துடுப்புகளினால் தட்டித்தட்டிப் புள்ளிகளைச் சேர்க்கும் விளையாட்டு. பலகைக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் பெட்டியில் ஒரு கண்ணாடி பொருத்தப்பட்டிருக்கும். அதன் பின்னால் மின்குமிழ்கள் எரியும். அந்தக் கண்ணாடியில் இருக்கும் ஓவியமே இயந்திரத்தின் முகம்.

பிரெஞ்சு அரச குடும்பத்தவர் ஆடிய பகட்டேல் என்ற மேசை விளையாட்டே இதன் மூதாதை. இங்கிலாந்தில் இருந்து சென்று அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் குடியேறிய மொன்டேக் ரெட்கிரேவ் என்பவர் 1871ஆம் ஆண்டில் வில்விசைக்கான காப்புரிமையைப் பெற்றார். பெரும் பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டிய 1931ஆம் ஆண்டில் சிக்காகோவில் டேவிட் கொட்லீப் 'பஃபிள் போல்' என்ற இயந்திரத்தை 17.50 டொலருக்கு விற்பனைக்கு விட்டார். 50,000க்கும் அதிகமானவை விற்றுத் தீர்ந்தன. வேலை இழந்தவர்கள் ஒரு சதத்தைப் போட்டுச் சில நிமிடங்கள் கவலையை மறந்தார்கள். அடுத்த வருடமே ரேமண்ட் மலோனி, நகைச்சுவைச் சஞ்சிகை ஒன்றின் பெயரைச் சூட்டி 'பலிஹூ' என்ற இயந்திரத்தை வெளியிட்டார். அதன் பலகை பளிச்சென்ற வர்ணங்களினால் நிறைந்திருந்தது. 'பலி' என்ற புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரே இதிலிருந்து பிறந்ததாகும். சித்திரம் இந்த விளையாட்டுக்குப் பின்னர் வந்து சேர்ந்த அலங்காரம் அல்ல. ஏறத்தாழ ஆரம்பம் முதலே அதன் வியாபாரத்தின் ஒரு பகுதியாக இருந்தது.

ஆனால், அந்தக் காலத்தில் சித்திரத்தைப் பற்றி ஆட்டக்காரரின் அபிப்பிராயத்தை எவரும் கேட்கவில்லை. இயந்திரத்தை வாங்கியவர் ஆட்டக்காரர் அல்லர். மதுச்சாலைகளிலும் சிற்றுண்டிச்சாலைகளிலும் அதை நிறுத்தி வருமானத்தைப் பங்கிட்டுக்கொண்ட முகவரே வாங்கினார். உற்பத்தியாளர்கள் விளம்பரத் துண்டுகளை அனுப்பியது அவருக்குத்தான். இருண்ட மதுச்சாலையின் மூலையில் ஒளிரும் கண்ணாடி, கடந்துபோகும் ஒருவரை நிறுத்திச் சட்டைப்பைக்குள் கையை விட வைக்க வேண்டும். அதுவே ஓவியத்தின் வேலை. இரசிகரின் தீர்ப்பு வார இறுதியில் நாணயப் பெட்டியைத் திறந்து எண்ணும்போது மாத்திரமே தெரியவந்தது.

அந்த ஓவியங்கள் உருவான முறை அச்சுத்தொழிலுடன் வாழ்நாள் முழுவதும் உறவாடிய என்னை வெகுவாகக் கவர்ந்தது. கண்ணாடியின் பின்புறத்தில் ஸ்கிரீன் பிரின்டிங் முறையில் அவற்றை அச்சிட்டார்கள். பார்ப்பவரின் கண்ணுக்கு மேலே தெரியவேண்டிய கறுப்புக் கோடுகளை முதலிலும் பின்னணி நிறங்களை அவற்றின் பின்னரும் இடவேண்டும். படம் முழுவதும் இடம்வலம் மாறியிருக்கும். கடைசியாக, வெளிச்சம் ஊடுருவக்கூடாத இடங்களை ஒளிபுகா மையினால் மூடுவார்கள். சிக்காகோவில் இருந்த 'அட்வர்டைசிங் போஸ்டர்ஸ்' என்ற அச்சகம் பல உற்பத்தியாளர்களுக்கு இந்தக் கண்ணாடிகளைச் செய்து கொடுத்தது.

கொட்லீப் நிறுவனத்தின் இயந்திரங்களுக்கு 1960களின் நடுப்பகுதிவரை தொடர்ச்சியாகச் சித்திரம் வரைந்தவர் ரோய் பாக்கர். சர்க்கஸ், கடற்கரை, கிராமத்து நடனம் என்று சாதாரண அமெரிக்கர்களின் கனவுகளை அவர் கண்ணாடியில் இறக்கினார். படத்தின் ஒரு மூலையில் எப்போதும் ஒரு நகைச்சுவை ஒளிந்திருக்கும். ஜோர்ஜ் மொலண்டின், கிறிஸ்டியன் மார்ஷ் போன்றவர்களும் அக்காலத்தில் வரைந்தார்கள். இலட்சக்கணக்கானோர் அவர்களின் ஓவியங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஆனால், அவர்களில் எத்தனை பேருக்கு ஓவியரின் பெயர் தெரிந்திருக்கும்? கண்ணாடியில் நிறுவனத்தின் பெயர் இருந்தது. வரைந்தவரின் பெயர் இருக்கவில்லை.

இந்த விளையாட்டு ஒரு காலத்தில் குற்றமாகவும் கருதப்பட்டது என்பதை இங்கு குறிப்பிட்டாக வேண்டும். அது சூதாட்டம் என்றும் சிறுவர்களின் காசைப் பறிக்கிறது என்றும் கூறி நியூயோர்க் மேயர் பியோரெல்லோ லா கார்டியா 1942 ஜனவரியில் அதைத் தடைசெய்தார். கைப்பற்றப்பட்ட இயந்திரங்கள் சம்மட்டிகளினால் உடைக்கப்பட்டன. ஐந்து வருடங்கள் கழித்து, 1947ஆம் ஆண்டில் கொட்லீப்பின் 'ஹம்ப்டி டம்ப்டி' இயந்திரத்தில் துடுப்புகள் வந்தபின்னர் அது திறமைக்குரிய விளையாட்டாக மாறியபோதிலும் தடை 1976ஆம் ஆண்டுவரை நீடித்தது. எமது தொழிலைச் சேர்ந்த எழுத்தாளரான ரோஜர் ஷார்ப் அந்த வருடம் நகரசபையினர் முன்னிலையில் விளையாடிக் காட்டினார். பந்து எந்தப் பாதையால் இறங்கும் என்று முன்கூட்டியே கூறிவிட்டு வில்விசையை இழுத்தார். சொன்ன பாதையாலேயே பந்து இறங்கியது. தடையும் நீங்கியது.

ஓவியத்தின் கதையிலும் அதே காலப்பகுதியில் திருப்பம் ஒன்று ஏற்பட்டது. பலி நிறுவனம் 1975ஆம் ஆண்டில், 'டொமி' திரைப்படத்தைத் தழுவி 'விசார்ட்' என்ற இயந்திரத்தையும் அடுத்த வருடம் பாடகர் எல்ட்டன் ஜோனின் உருவத்துடன் 'கப்டன் பன்டாஸ்டிக்' என்ற இயந்திரத்தையும் வெளியிட்டது. பின்னையது 16,000க்கும் அதிகமாக விற்பனையானது. இரண்டையும் வரைந்தவர் டேவ் கிறிஸ்டென்சன். கூட்டத்துக்குள் விரசமான சிறு குறும்புகளை ஒளித்துவைப்பது அவரது வழக்கம். கப்டன் பன்டாஸ்டிக் கண்ணாடியிலும் அவ்வாறு செய்ததால் பின்னர் அந்த இடங்களை நட்சத்திரங்களினால் மறைக்க வேண்டியதாயிற்று. மறைக்கப்படாத பிரதியைத் தேடி அலையும் சேகரிப்பாளர்கள் உண்டு. பத்திரிகையில் தணிக்கையால் வெறுமையாக விடப்பட்ட பத்தியை வாசகர்கள் எவ்வளவு ஆவலுடன் ஆராய்வார்கள் என்பதை நன்கறிந்த எனக்கு இது வியப்பளிக்கவில்லை.

1992ஆம் ஆண்டில் வெளியான 'அடம்ஸ் பமிலி' 20,270 இயந்திரங்கள் என்ற சாதனையைப் படைத்தது. ஆனால், வீட்டு வீடியோ விளையாட்டுகளின் முன்னால் தொழில் சரிந்தது. வில்லியம்ஸ் நிறுவனம் 1999ஆம் ஆண்டில் பின்போல் உற்பத்தியைக் கைவிட்டது. அதற்குப் பின்னர் பத்து வருடங்களுக்கும் மேலாக கரி ஸ்டேர்னின் நிறுவனமே பெருமளவில் உற்பத்திசெய்யும் ஒரேயொரு நிறுவனமாக நின்றுபிடித்தது. அந்தக் காலகட்டத்தில், திரைப்படங்களின் புகைப்படங்களைக் கணினியில் வெட்டி ஒட்டிச் செய்த படங்கள் கைச்சித்திரங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இரசிகர்களின் முணுமுணுப்பு இங்குதான் ஆரம்பித்தது. நடிகர்களின் தலைகள் வானத்தில் மிதக்கின்றன, இது சினிமாச் சுவரொட்டியே தவிர பின்போல் அல்ல என்று அவர்கள் குறைப்பட்டார்கள்.

நியாயமாகச் சொன்னால், தவறு முழுவதையும் உற்பத்தியாளர் மீது சுமத்தமுடியாது. திரைப்படம் ஒன்றின் உரிமத்தைப் பெறும்போது நடிகரின் முகச்சாயலுக்கும் தனியாக அனுமதி வேண்டும். 1988ஆம் ஆண்டில் வெளியான 'டக்சி' இயந்திரத்தில் மர்லின் மன்றோவைப் போன்று வரையப்பட்டிருந்த பெண் 'மர்லின்' என்ற பெயரை இழந்து 'லோலா'வாக மாறவேண்டியிருந்தது. ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்ட புகைப்படத்தைப் பயன்படுத்துவது வழக்கைத் தவிர்க்கும் வழி.

ஆயினும், இரசிகர்களின் குரல் வீண்போகவில்லை. 2013ஆம் ஆண்டில் வெளியான 'மெட்டாலிக்கா' இயந்திரத்துக்கு டேர்ட்டி டொனி என்ற பெயரில் அறியப்பட்ட ஓவியர் கையால் வரைந்தபோது கிடைத்த வரவேற்பு காற்றின் திசையை மாற்றியது. 2016ஆம் ஆண்டில் 'கோஸ்ட்பஸ்டர்ஸ்', 2021ஆம் ஆண்டில் 'கொட்சிலா' ஆகியவற்றுக்கு வரைந்த ஜெரமி பக்கரை 'சொம்பி யெட்டி' என்ற புனைபெயரினால் இன்று இரசிகர்கள் அனைவரும் அறிவார்கள். புதிய இயந்திரம் பற்றிய செய்தி கசிந்தால் அவர்களின் முதற்கேள்விகளில் ஒன்று, 'யார் வரைகிறார்?' என்பதே. ரோய் பாக்கருக்குக் கிடைக்காத பேறு இது.

நண்பரின் மகனின் கோபத்துக்கான காரணமும் இங்கு துலங்குகிறது. இன்று வாங்குபவர்களில் பெரும்பகுதியினர் மதுச்சாலை முகவர்கள் அல்லர். தமது வீட்டின் வரவேற்பறையில் வைப்பதற்கு வாங்குபவர்கள். ஒரே விளையாட்டு மூன்று தரங்களில், மூன்று வெவ்வேறு சித்திரங்களுடன் வெளிவருகிறது. உயர்தர வரையறுக்கப்பட்ட பதிப்பின் விலை பத்தாயிரம் டொலரைத் தாண்டுகிறது. அதை விளையாடிப் பார்ப்பதற்கு முன்னரே முற்பணம் கட்டவேண்டும். அவர் கைக்கு முதலில் கிடைக்கும் சாட்சியம் அந்தப் படம். நாணயப் பெட்டி முன்பு சொன்ன தீர்ப்பை இப்போது அவர் வாய்திறந்து சொல்கிறார்.

இந்தத் தீர்ப்பில் நீண்டகாலம் இடமில்லாதிருந்தவர்கள் பெண்கள். அரைகுறை ஆடையுடன் பெண்ணுருவத்தைக் கண்ணாடியில் நிறுத்துவது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். 2013ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஓக்லாண்டில் பெண்களுக்கான ஆட்டக்குழு ஒன்று ஆரம்பிக்கப்பட்டு வேறு நகரங்களுக்கும் பரவியது. 2015ஆம் ஆண்டில் பழைய பாணியைப் பின்பற்றி, தர்ப்பூசணி விற்கும் பெண்ணை இரட்டை அர்த்தத்தில் சித்திரித்த இயந்திரம் ஒன்று வெளிவந்தபோது, அது வெறும் பகிடி என்று சிலர் வாதிட, பெண்கள் உட்பட வேறு பலர் கண்டித்தார்கள். இரசிகர் என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்பதும் மாறிவருகிறது.

பழைய கண்ணாடிகளுக்கு இப்போது வேறொரு ஆபத்து. பின்னால் எரியும் மின்குமிழ்களின் சூட்டினால் மை உலர்ந்து, செதில்செதிலாக உதிர்கிறது. சேகரிப்பாளர்கள் பாதுகாப்பு மெழுகுநெய் தெளித்தும் மறுபிரதிகள் அச்சிட்டும் அவற்றைக் காப்பாற்ற முயல்கிறார்கள். அந்த முயற்சியில்தான் மறக்கப்பட்ட ஓவியர்களின் பெயர்களும் ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டெடுக்கப்பட்டன.

இதை எழுதும்போது நான் பணியாற்றிய ஒரு பத்திரிகையின் ஓவியர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். தீபாவளிச் சிறப்பிதழ்களின் அட்டைப்படங்களை வருடக்கணக்காக அவரே வரைந்தார். ஒரு வருடம் நிர்வாகம் வெளியில் இருந்து வாங்கிய வர்ணப் புகைப்படத்தை அட்டையில் போட்டது. 'இந்தமுறை ஏன் படம் கீறவில்லை?' என்று கேட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களை நானே பிரித்து வாசித்தேன். ஒன்றில்கூட அவரது பெயர் இல்லை. அவர்களுக்கு எப்படித் தெரியும்? நாங்கள்தான் ஒருபோதும் அச்சிடவில்லையே. அந்தக் கடிதங்களை நான் அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கவும் இல்லை. அவர் சில மாதங்களில் வேலையை விட்டு விலகிவிட்டார்.

நண்பரின் மகன் திரும்பிப் போகும்போது அவரிடம், "தம்பி, படம் பிடிக்காவிட்டால் தாராளமாகச் சொல்லுங்கோ. பிடித்திருந்தால் கீறினவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கோ" என்று கூறினேன். எங்களால் செய்யமுடியாமற் போனதை அவர்களாவது செய்யட்டும்.