பதிவேடு இல்லாமல் தேடிய கதை

நேயர்களே, முன்பெல்லாம் தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் ஆபீசுக்கே வந்து சேரும். யார் எந்த லயத்தில் இருக்கிறார் என்பது கிராணியாருக்குத் தெரியும். அவர் ஒருநாள் வராவிட்டால் கடிதங்கள் தேங்கிவிடும். கணினி உலகிலும் இத்தகைய சிக்கல் ஒன்று எழுந்தது. அது தீர்ந்த வரலாற்றை இன்று நாம் காண்போம்.

1999-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஷான் ஃபேனிங் என்ற இளைஞர் 'நாப்ஸ்டர்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். பாடல்கள் அவரவர் கணினியிலேயே இருந்தன. எந்தப் பாடல் யாரிடம் உள்ளது என்னும் பதிவேடு மட்டும் நிறுவனத்திடம் இருந்தது. தங்கள் உரிமை பறிபோகிறது என்று இசைத்தட்டு நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2001 ஜூலையில் நாப்ஸ்டர் நின்றது. பாடல்கள் அழியவில்லை, அவை இருக்கும் இடத்தைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

இதற்கிடையில், 2000 மார்ச்சில் 'நுட்டெல்லா' வந்தது. அதில் பதிவேடே கிடையாது. ஒரு கணினி தன் அண்டைக் கணினிகளைக் கேட்கும். அவை தம் அண்டையைக் கேட்கும். கேள்வி முடிவின்றிச் சுற்றாதிருக்க, வழக்கமாக 7 முறை கைமாறியதும் அது நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் இருந்த பொருள், இருந்தும் இல்லாததாயிற்று. கேட்போர் பெருகப் பெருகக் கேள்விகளே பாதையை அடைத்துக்கொண்டன.

2001-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் 'கார்ட்' என்னும் முறையை வெளியிட்டனர். அவர்களுள் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ஹரி பாலகிருஷ்ணன். இம்முறையில் ஒவ்வொரு கணினிக்கும், ஒவ்வொரு பொருளின் பெயருக்கும் கணக்கு வழியே ஓர் எண் கிடைக்கும். அவ்வெண்கள் கடிகார முகம்போல் வட்டமாக அமையும். பொருளின் எண்ணை அடுத்து வரும் கணினியே அதன் இருப்பிடத்தைக் குறித்து வைத்திருக்கும். ஒவ்வொரு கணினியும் வட்டத்தில் பாதி, கால், அரைக்கால் எனத் தள்ளியுள்ள சில கணினிகளின் முகவரியை மட்டும் அறிந்திருக்கும். கேள்வி கைமாறும்தோறும் மீதித் தூரம் பாதியாகக் குறையும். ஆகவே 10 லட்சம் கணினிகளுக்கிடையிலும் ஏறத்தாழ 20 கைமாற்றங்களில் விடை கிட்டும். குறிப்பின் படிகளை அடுத்தடுத்த கணினிகளிலும் வைத்துவிட்டால், ஒன்று விலகினாலும் வேலை நிற்காது. ஒரு குறை உண்டு: பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் எண் மாறி, தேடல் வேறிடம் போய்விடும்.

2002-இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 'கடெம்லியா' என்னும் முறையை அளித்தனர். 2005-இல் பிட்டோரண்ட் அதன் வழிவந்த முறையை மேற்கொண்டது.

ஏடு ஒருவர் கையில் இருந்தால் தேடுவது எளிது. அவர் கை மூடினால் எல்லாம் மூடும். பலர் சிறிது சிறிதாகச் சுமந்தால் எவராலும் மூட முடியாது. அப்படியானால், பாடியவருக்குரிய கூலியை யார் காப்பது? அதற்குக் கணக்கில் விடை இல்லை, நேயர்களே. உழைத்துக் கூலி பெறும் நாம் அதை எண்ணிப் பார்ப்போமாக.