சாலைக்குப் பணம் வந்த வழி

மலாயாவின் சாலைகளைப் போட்டவர் யார் என்று கேட்டால், தமிழர் என்று விடை சொல்லப் பழகியிருக்கிறோம். அவ்விடையில் பெரும் உண்மை உண்டு. ஆனால், அச்சாலைகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பது அரிது. எந்த ஊருக்குச் சாலை வரும், எந்த ஊருக்கு வாராது என்பதை முடிவு செய்தது அந்தப் பணமே. இதனை நெகிரி செம்பிலான் மாநிலத்தை நடுவாகக் கொண்டு ஆராய்வோம்.

முதலில் தாயகத்தை நோக்குவோம். சென்னை மாகாணத்தில் 1866ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நிலத்தின் குத்தகை மதிப்பில் ரூபாய்க்கு அரையணா சாலை வரி வாங்க இடமளித்தது. 1871இல் தல நிதிச் சட்டமும், 1884இல் ஜில்லா போர்டுகளை அமைத்த சட்டமும் வந்தன. தஞ்சை ஜில்லா போர்டு இவ்வாறு திரட்டிய தனி வரியைக் கொண்டு மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை இருப்புப்பாதையே போட்டது. 1894இல் அதில் வண்டி ஓடிற்று. வரி கொடுத்தவர்கள் பாதை கேட்டார்கள், பெற்றார்கள். ஆனால், அப்போர்டுகளில் செல்வாக்குடன் விளங்கியவர்கள் அதிகாரிகளும் மிராசுதார்களுமே. நிலமில்லாக் கூலிக்காரனுக்கு அங்கே குரல் இல்லை. அவனே பின்னர் நாகப்பட்டினத்தில் கப்பலேறினான்.

அவன் வந்திறங்கிய மலாயாவில் முறை வேறு. சுங்கை ஊஜோங்கில் ஈயத்தின் மீது வாங்கிய தீர்வையே அரசின் பெரு வருவாய். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் வரை 1891இல் திறந்த இருப்புப்பாதையைத் தனியார் கம்பெனி ஒன்று கட்டியது. முதலுக்கு வட்டி கிடைக்கும் என்று அரசு உத்தரவாதம் தந்தது. இலங்கையிலிருந்து வந்த ஹெஸ்லாப் ஹில், ரத்போர்ன் என்னும் இரு துரைமார், காப்பித் தோட்டமும் திறந்தனர். சாலைக் குத்தகையும் எடுத்தனர். தோட்டக்காரரும் சாலை போடுபவரும் ஒருவரே ஆயினர். 1896இல் நான்கு மலாய் மாநிலங்கள் ஒரு கூட்டாட்சியாயின. இருக்கும் மாநிலம் இல்லாத மாநிலத்துக்கு ஆளும் பொருளும் தந்து உதவ வேண்டும் என்பது அதற்கு முந்திய ஆண்டின் உடன்படிக்கை. இந்நாட்டில் மானியம் என்னும் கருத்துக்கு அதனையே வித்து எனலாம்.

அவ்வித்து 1957இல் சட்டமாயிற்று. கூட்டரசு மாநிலங்களுக்கு ஆண்டுதோறும் தரவேண்டிய மானியங்கள் இரண்டு என்று அரசியல் சட்டத்தின் 109ஆம் விதி வகுத்தது: ஒன்று தலைக்கு இவ்வளவு என்பது, மற்றொன்று சாலை மானியம். பத்தாம் அட்டவணை அதன் கணக்கைச் சொல்கிறது. குறித்த தரத்தில் சாலையைப் பேண ஆகும் சராசரிச் செலவைத் தகுதியுள்ள மாநிலச் சாலைகளின் நீளத்தால் பெருக்க வேண்டும். வந்த தொகையே மானியம். இன்று அச்சாலைகள் யாவும் ‘மாரிஸ்’ எனப்படும் பதிவேட்டில் ஏற்றப்படுகின்றன.

இக்கணக்கில் ‘தகுதியுள்ள’ என்னும் சொல்லை ஊன்றி நோக்குக. தகுதி பெறுவது பொதுச் சாலை மட்டுமே. தோட்டத்து வாயிலைத் தாண்டி லயத்துக்கும் பள்ளிக்கும் செல்லும் செம்மண் சாலை கம்பெனியின் சொத்து. அதன் நீளம் மாநிலக் கணக்கில் சேராது. ஆகவே, அதற்கென ஒரு காசும் வாராது. 1960இல் துன் ரசாக் ‘சிவப்பு நூல்’ கொண்டு நடத்திய கிராம வளர்ச்சித் திட்டத்தில், கம்பத்து மக்கள் தம் தேவையைச் சொல்ல, மாவட்ட அதிகாரி அதனைப் படத்தில் குறித்துக்கொண்டார். தோட்டமோ தனியார் நிலம் என்பதால், கிராம வளர்ச்சி பெரும்பாலும் அதன் வேலியோடு நின்றுவிட்டது.

ஆசிரியர்களுக்கு இது புதிய செய்தியன்று. முழு உதவி பெறும் பள்ளி, பகுதி உதவி பெறும் பள்ளி என்னும் வேறுபாட்டை நாம் நன்கு அறிவோம். நிலம் யாருடையது என்பதைப் பொறுத்தே அங்கும் உதவியின் அளவு அமைகிறது. பிள்ளை அதே பிள்ளை. மழை நாளில் அவன் மிதிக்கும் சேறும் அதே சேறு. பத்திரத்தில் உள்ள பெயர் மட்டுமே வேறு. அவசர நோயாளியை ஏற்றவரும் வண்டி அச்சேற்றில் சிக்கினால், இழப்பு கம்பெனிக்கன்று.

எனில், வழியே இல்லையா? உண்டு. நிலத்தின் ஒரு பகுதியை அரசிடம் ஒப்படைக்க 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் இடந்தருகிறது. நில உரிமையாளர் சாலைப் பகுதியை ஒப்படைத்து, மாநில அரசு ஏற்று, அதனைத் தரப்படுத்திப் பொதுச் சாலையாகப் பதிந்தால், அந்நீளமும் மானியக் கணக்கில் சேரும். முதற்செலவு யாருடையது என்பதில் இழுபறி இருக்கும். கம்பெனியும் மாவட்ட மன்றமும் மாநிலமும் பகிர்ந்துகொள்ளலாம். ஒரு முறை பதிவேறிய சாலை தக்கவாறு பேணப்படும்வரை, ஆண்டுதோறும் பணம் கொண்டுவரும். ஆதலால், தேர்தலுக்குத் தேர்தல் சிறிது தார் கேட்டுப் பெறுவதினும், பதிவேட்டில் ஒரு வரி பெறுவதே நிலையான பயன்.

பிறர் ஊருக்குச் சாலை போட்ட கைகள் நம்முடையவை. நம் பிள்ளைகள் நடக்கும் சாலை எந்த ஏட்டில் உள்ளது என்று மாவட்ட மன்றத்தில் எழுத்து மூலம் கேட்பதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் தம் முதற்பணியாகக் கொள்ளுமாக.