ஏற்றுமீன் வேட்டை

சினை முற்றிய கெண்டை முதலிய மீன்கள் முட்டையிடுவதற்காகப் புதுவெள்ளத்தை எதிர்த்து ஏறுகையில் அவற்றைப் பிடிக்கும் வழக்கம். வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் எல்லையாக அமைந்த பெரம்பலூர், அரியலூர்ப் பிரதேசத்தில், ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிகள் நிரம்பிக் கலிங்கு வழியத் தொடங்கியதும், முழங்காலளவு நீரில் இறங்கி, அடிவாய் அகன்று மேல்வாய் குறுகிய ஊத்தா என்னும் கூடையைச் சட்டென அழுத்தி, உள்ளே துள்ளும் மீனை மேல்வாய் வழியே கைவிட்டு எடுப்பர். விதைநெல்லைக் குற்றி உண்பதற்கு ஒப்பான காரியந்தான். எனினும் வெள்ளம் வந்த அன்று அதை நினைப்பார் அரியர். ஏரிகளில் விட்டு வளர்க்கப்படும் ரோகு போன்ற பெருங்கெண்டைகளோ தேங்கிய ஏரிநீரில் இயல்பாக இனம்பெருக்குவதில்லை. 1957இல் ஒரிஸ்ஸாவில் மீனியல் அறிஞர் ஹீராலால் சௌதுரி முதலானோர் கபச்சுரப்பிச் சாற்றை ஊசிவழிச் செலுத்தி முட்டையிடச் செய்த பின்னரே, ஏரிகளில் விடுவதற்கான குஞ்சுகள் எளிதிற் கிடைக்கலாயின.