வெப்ஸ்டரின் விலை: என்.பி.ஏ. இழப்பீட்டு முறை பற்றி ஒரு மறுவாசிப்பு

கெவின் டுரான்ட் 2016 ஜூலை 4 அன்று கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்குப் போவதாக அறிவித்தார். அவரைப் பிரிந்த ஓக்லஹோமா சிட்டி தண்டருக்குப் பதிலாக ஒரு வீரர் வரவில்லை, ஒரு ட்ராஃப்ட் தேர்வு வரவில்லை, ஒரு டாலரும் வரவில்லை. 1996இல் ஆர்லாண்டோ ஷகீல் ஓ'நீலை இழந்ததும், 2017இல் யூட்டா கார்டன் ஹேவர்டை இழந்ததும், 2022இல் டாலஸ் ஜேலன் பிரன்சனை இழந்ததும் இப்படித்தான். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஆய்வு மரபு நெடுநாளாக ஒரே வாதத்தை முன்வைத்து வருகிறது. ஃப்ரீ ஏஜென்சியில் நட்சத்திர வீரர் வெளியேறும்போது இழந்த அணிக்கு ஈடு கிடைக்காதது அமைப்பின் ஓட்டை என்றும், 1976க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் அந்த ஓட்டையை அடைக்கும் முறை ஒன்று செயல்பட்டது என்றும், வீரர் சங்கத்தின் நெருக்குதலால் அது கைவிடப்பட்டது என்றும், அதை மீட்டெடுப்பதே வழி என்றும் அம்மரபு சொல்கிறது.

வாதத்தின் முன்பாதியோடு எனக்குப் பெரிய பிணக்கில்லை. பின்பாதி நிற்பது முழுக்க அந்தச் சில ஆண்டுகளின் பதிவுகள் மேல். அவற்றை, குறிப்பாக மார்வின் வெப்ஸ்டர் விவகாரத்தில் ஆணையர் இட்ட உத்தரவை, நிதானமாகப் படித்தால் இம்மரபு காணும் வெற்றி அங்கே தென்படுவதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆஸ்கர் ராபர்ட்சன் வழக்கின் சமரச உடன்படிக்கை (1976) வீரர்களுக்கு அணி மாறும் உரிமையைத் தந்தது. கூடவே ஒரு நிபந்தனையையும் வைத்தது. வீரரை எடுத்துக்கொள்ளும் அணியும் இழக்கும் அணியும் பேசி ஓர் ஈட்டை முடிவு செய்ய வேண்டும். பேச்சு முறிந்தால் லீக் ஆணையர் தீர்மானிப்பார். அப்போது அந்தப் பொறுப்பில் இருந்தவர் லாரி ஓ'பிரையன். ஈடு என்பது இழந்த அணியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும், வாங்கிய அணியைத் தண்டிக்கக் கூடாது என்பதே உடன்படிக்கையின் அளவுகோல். சட்டத்துறையில் பழகிய அளவுகோல்தான். ஒரு லாரி மோதி உடைந்த சுவருக்கு அதைக் கொண்டு விலை சொல்லிவிடலாம். ஒரு சென்டர் ஆட்டக்காரருக்கு?

சியாட்டில் சூப்பர்சானிக்ஸ் அணியில் வெப்ஸ்டர் ஆடியது 1977-78 என்ற ஒரே பருவம். அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 14 புள்ளிகளும் 12க்கு மேல் ரீபவுண்டுகளும் எடுத்தார். அணி இறுதித் தொடர்வரை சென்று, வாஷிங்டனிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. அந்தக் கோடையில் அவர் நியூயார்க் நிக்ஸுக்குப் போனார். இரு அணிகளும் ஈடு பற்றி உடன்படாததால் விவகாரம் ஓ'பிரையனிடம் வந்தது. அவர் சியாட்டிலுக்கு வழங்கியவை மூன்று: நிக்ஸின் ஃபார்வர்டு லானி ஷெல்டன், 1979ஆம் ஆண்டின் முதல் சுற்று ட்ராஃப்ட் தேர்வு, 4,50,000 டாலர் ரொக்கம்.

முந்தைய ஆய்வாளர்கள் இந்த மூன்றையும் ஒரே தொகையாகக் கூட்டிப் பார்க்கிறார்கள். கூட்டினால் கொஞ்சம் அதிகம், ஆனால் கொள்கை சரி என்பது அவர்கள் வந்து சேரும் இடம். நான் அவற்றைப் பிரித்துப் படிக்கிறேன். ஷெல்டன் அன்றைய அணிவலிமைக்கான ஈடு. ட்ராஃப்ட் தேர்வு வருங்கால வலிமைக்கான ஈடு. ரொக்கம் எதற்கு? வெப்ஸ்டர் போனதும் அவருடைய சம்பளச் சுமை சியாட்டிலின் தோளிலிருந்து இறங்கிவிட்டது. ஷெல்டனின் சம்பளம் புதிதாக ஏறியது உண்மை. ஆனால் அதற்கு ஷெல்டனின் ஆட்டம் கிடைத்தது. டிக்கெட் வருமானம் குறையும் என்று ஆணையர் கருதியிருக்கலாம் என்று ஒரு விளக்கம் சொல்லலாம். இறுதித் தொடர் ஆடி முடித்த அணிக்கு அந்த விளக்கம் எவ்வளவு பொருந்தும் என்பது ஐயமே. பணப்பகுதியை விலக்கிவிட்டுப் பார்த்தாலும், நிகழ்கால ஈடும் எதிர்கால ஈடும் ஒரே இழப்புக்காக இருமுறை கொடுக்கப்பட்டிருக்கின்றன. இது அளவு மீறல் மட்டுமாக எனக்குத் தோன்றவில்லை. எதை அளப்பது என்று அளப்பவருக்கே தெளிவில்லாத நிலை இது.

அடுத்து நடந்ததைப் பின்னறிவு என்று ஒதுக்குவார்கள் என்பது தெரியும். இருந்தாலும் சொல்ல வேண்டும். 1978-79 பருவத்தில் ஜாக் சிக்மா சென்டர் இடத்துக்கு நகர்ந்தார்; அவர் விட்ட பவர் ஃபார்வர்டு இடத்தில் ஷெல்டன் நின்றார். அந்த ஆண்டு சியாட்டில் சாம்பியன் ஆனது. வெப்ஸ்டர் நியூயார்க்கில் பழைய ஆட்டத்தை எட்டவே இல்லை. ஆக, "இழந்த" அணியின் பள்ளத்தை ஏற்கெனவே அணியில் இருந்த ஒரு வீரர் நிரப்பினார். ஈடாக வந்தவர் அதற்குமேல் கிடைத்த உபரி. சிக்மாவால் அந்த இடத்தை நிரப்ப முடியும் என்பதை 1978இன் இலையுதிர்காலத்தில் ஓ'பிரையன் எப்படிக் கணக்கில் எடுத்திருக்க முடியும்? முடியாது. என் வாதமும் அதுதான். ஓர் அணியின் இழப்பு அதன் மற்ற வீரர்களைப் பொறுத்தது. மற்ற வீரர்களின் வளர்ச்சி ஈட்டை நிர்ணயிக்கும் நாளில் எவருக்கும் தெரியாது.

உத்தரவை எதிர்த்தது வீரர் சங்கம். அதனை முந்தைய மரபு சங்கத்தின் பேராசை என்றே கடந்துபோகிறது. கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டிய இடம் இது. வெப்ஸ்டர் ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டார். அவர் சம்பளத்தில் ஒரு காசு குறையப் போவதில்லை. பிறகு சங்கத்துக்கு என்ன அக்கறை? அடுத்த கோடையில் ஓர் அணி இன்னொரு வீரரிடம் பேச உட்காரும்போது, அவருக்குத் தரப்போகும் சம்பளத்தோடு ஒரு ஷெல்டன், ஒரு முதல் சுற்றுத் தேர்வு, நாலரை லட்சம் டாலர் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடும். ஈடு பெயரளவில் அணிக்கும் அணிக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல். அதன் சுமை வந்து விழுவது அடுத்த வீரரின் சம்பளத்தில். ராபர்ட்சன் வழக்கை விசாரித்த நீதிபதி ராபர்ட் கார்ட்டரின் நீதிமன்றத்தில் ஆணையரின் உத்தரவு நிற்கவில்லை. உடன்படிக்கையின் அளவுகோலை அது தாண்டிவிட்டது என்ற சங்கத்தின் நிலைப்பாடே வென்றது.

வெப்ஸ்டர் உத்தரவு ஒரு விதிவிலக்கு, அதை வைத்து முறையையே குறைசொல்ல முடியாது என்பார்கள். அடுத்த ஆண்டே பில் வால்டன் போர்ட்லாந்தை விட்டு சான் டியேகோ கிளிப்பர்ஸுக்குப் போனார். ஈடாக கெர்மிட் வாஷிங்டன், கெவின் குன்னர்ட் என்ற இரு வீரர்கள், முதல் சுற்றுத் தேர்வு, அதோடு மறுபடியும் ரொக்கம். அதே அச்சு. வால்டன் 1977இல் போர்ட்லாந்துக்குப் பட்டம் வென்று தந்தவர், 1978இன் மதிப்புமிக்க வீரர். ஆனால் 1978-79 பருவம் முழுவதும் காயத்தால் ஒரு ஆட்டமும் ஆடாதவர். போர்ட்லாந்து இழந்தது 1977இன் வால்டனையா, முந்தைய ஆண்டு களமிறங்காத வால்டனையா? சான் டியேகோவில் முதல் பருவம் அவர் ஆடியது 14 ஆட்டங்கள். அடுத்த இரு பருவங்கள் பூஜ்யம். போர்ட்லாந்து வந்த வாஷிங்டன் 1980இல் ஆல்-ஸ்டார் அணியில் இடம்பிடித்தார்.

இம்மரபு விரும்பிக் காட்டும் சான்று இவை இரண்டுமல்ல, கெயில் குட்ரிச். 1976இல் அவர் லேக்கர்ஸை விட்டு நியூ ஆர்லியன்ஸ் ஜாஸுக்குப் போனபோது, இரு அணிகளும் தாமே பேசி முடித்த ஈட்டில் ஜாஸின் 1979 முதல் சுற்றுத் தேர்வும் இருந்தது. 1978-79இல் ஜாஸ் 26 வென்று 56 தோற்றது. சிகாகோவுடன் நாணயம் சுண்டியதில் லேக்கர்ஸுக்கு முதல் தேர்வு விழுந்தது. அதில் வந்தவர் மேஜிக் ஜான்சன். இழந்த அணிக்கு ஈடு பலன் தரும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். குட்ரிச்சுக்கு அப்போது வயது 33. குதிகால் தசைநாண் காயத்தால் ஜாஸில் முதல் பருவம் 27 ஆட்டங்களே ஆடினார். முதுமையை எட்டிய ஒரு கார்டுக்கு ஈடாக ஐந்து பட்டங்களின் அடித்தளத்தைப் பெறுவதை "பழைய நிலைக்குத் திரும்புதல்" என்று அழைத்தால், பரிசுச்சீட்டில் விழுந்த கோடியையும் சேமிப்பு என்றே அழைக்கலாம். ஆணையர் தலையிடாமல் அணிகளே பேசிய ஈடும் இப்படித்தான் வழிதவறியது என்பதுதான் இந்தச் சான்று சொல்வது.

இந்த முறை "கைவிடப்பட்டது" என்ற கூற்றும் ஆவணத்தோடு ஒத்துப்போகவில்லை. ஆணையர் தீர்மானிக்கும் ஈட்டுக்கு ஒரு முடிவுக்காலத்தை 1976 உடன்படிக்கையே வைத்திருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அதன் இடத்துக்கு, வெளியார் தரும் சம்பளத்துக்கு ஈடுகொடுத்து வீரரைத் தக்கவைக்கும் முன்னுரிமை வர வேண்டும் என்பதும் அதிலேயே உண்டு. அணிகளைப் புதிய நிலைமைக்குப் பழக்கும் இடைக்கால ஏற்பாடாகவே இதைத் தரப்புகள் கண்டன என்று கொள்வதே பொருத்தம். வந்த முன்னுரிமை முறை நன்றாகவே நடந்தது. 1982இல் பிலடெல்பியா மோசஸ் மலோனுக்குத் தந்த சம்பளத்துக்கு ஹூஸ்டன் சம்மதித்து அவரைத் தன்னிடம் வைத்து, பிறகு அதே பிலடெல்பியாவுக்கே கால்ட்வெல் ஜோன்ஸையும் ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் பெற்றுக்கொண்டு விற்றது. எந்த ஆணையரும் மலோனுக்கு விலை குறிக்க வேண்டியிருக்கவில்லை. 1988இல் டாம் சேம்பர்ஸ் எந்தக் கட்டும் இல்லாமல் சியாட்டிலை விட்டு ஃபீனிக்ஸ் போனபோது அந்த முன்னுரிமையும் நீண்டகால வீரர்களுக்கு முடிவுக்கு வந்தது.

அதற்குள் ஈடு வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டிருந்தது. 1984-85இல் 36 லட்சம் டாலராகத் தொடங்கிய சம்பள உச்சவரம்போடு, தன் வீரரை மட்டும் அந்த வரம்பைத் தாண்டியும் வைத்துக்கொள்ளலாம் என்ற லாரி பேர்ட் விலக்கு வந்தது. பின்னாளில் சொந்த அணி ஐந்து ஆண்டு ஒப்பந்தம் தரலாம், மற்றவர்கள் நான்கோடு நிற்க வேண்டும் என்ற வேறுபாடும், 2017இல் தகுதிபெற்ற வீரருக்கு உச்சவரம்பில் 35 சதவீதம்வரை தரும் ஏற்பாடும் சேர்ந்தன. இவையெல்லாம் வீரர் போவதற்கு முன்பே சொந்த அணிக்குத் தரப்படும் ஈடுகள். டுரான்ட் விவகாரத்தில் இவை பயன்படாததற்குக் காரணங்கள் குறிப்பானவை. தொலைக்காட்சி உரிமைக்கான புதிய ஒப்பந்தத்தால் உச்சவரம்பு 7 கோடி டாலரிலிருந்து ஒரே தாவலில் 9.41 கோடியானது, அதைப் படிப்படியாக ஏற்றும் யோசனையை வீரர் சங்கம் ஏற்கவில்லை. ஸ்டீபன் கரி 2012இல் போட்ட பழைய ஒப்பந்தத்தில் 1.2 கோடிக்கு ஆடிக்கொண்டிருந்தார். டுரான்டும் ஓராண்டில் விலகும் வசதியோடு இரண்டாண்டுக்கே கையெழுத்திட்டதால் ஐந்தாம் ஆண்டின் கவர்ச்சி பலிக்கவில்லை. இப்படியொரு கோடை மறுபடி வருவது கடினம். அதை நிரந்தர விதிக்கு அடிப்படையாக்குவது அதைவிடக் கடினமாக இருக்க வேண்டும்.

இழந்த அணிக்கு லீகே ஒரு கூடுதல் தேர்வைக் கொடுக்கட்டும், வாங்கிய அணியிடம் எதையும் பிடுங்க வேண்டாம், அமெரிக்கக் கால்பந்தில் அப்படித்தானே என்பது அடுத்த வாதம். அங்கே ட்ராஃப்ட் ஏழு சுற்று, அணிக்கு ஐம்பதுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்கள். இங்கே இரண்டு சுற்று, பதினைந்து பேர். முதல் சுற்றின் வாலில் ஒட்டவைக்கும் ஒரு தேர்வு டுரான்டுக்கு ஈடாகும் என்று எவரும் மனமார நம்புவதாகத் தெரியவில்லை. சிறு நகரங்கள் அழிந்துபோகும் என்ற கவலைக்கு நீண்ட பதில் தேவையில்லை: சான் அன்டோனியோ டிம் டங்கனைப் பத்தொன்பது பருவம் வைத்திருந்தது, மில்வாக்கி 2020இல் யானிஸ் ஆன்டெட்டோகூன்ம்போவைக் கையெழுத்திட வைத்தது.

2019இல் நடந்ததைப் பார்க்கலாம். டொராண்டோ கவாய் லெனார்டை ஒரு பருவம் வைத்துப் பட்டம் வென்றது; பிறகு அவர் ஒரு ஈடும் இல்லாமல் கிளிப்பர்ஸுக்குப் போனார். அதே வாரத்தில் அதே கிளிப்பர்ஸ், ஒப்பந்தக் காலம் மீதமிருந்த பால் ஜார்ஜை ஓக்லஹோமா சிட்டியிடமிருந்து பெற ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர், டேனிலோ கலினாரி, ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகள் என்று அள்ளிக் கொடுத்தது. 2016இல் வெறுங்கையோடு நின்ற அதே தண்டர், விதியில் ஈடு என்ற சொல்லே இல்லாத காலத்தில் லீகின் வரலாற்றிலேயே பெரிய ஈடுகளில் ஒன்றைப் பெற்றது. ஒப்பந்தத்தில் ஆண்டுகள் மீதமிருந்தபோதே விற்றதுதான் வித்தியாசம். அத்தேர்வுகளில் ஒன்றில் 2022இல் ஜேலன் வில்லியம்ஸ் வந்தார். 2025இல் தண்டர் சாம்பியன், கில்ஜியஸ்-அலெக்சாண்டர் அந்த ஆண்டின் மதிப்புமிக்க வீரர்.

ஜார்ஜ் 2024இல் நான்காண்டுக்கு 21.2 கோடி டாலர் ஒப்பந்தத்தில் பிலடெல்பியா போனார். கிளிப்பர்ஸுக்கு ஒன்றும் வரவில்லை. இழப்பீட்டு விதி அமலில் இருந்திருந்தால் நாட்டின் இரண்டாவது பெரிய நகரமான லாஸ் ஏஞ்சலிஸின் அணி அதன்கீழ் விண்ணப்பிக்கும். அந்த விண்ணப்பத்துக்கு, ஒரு ஓ'பிரையன் இருந்திருந்தால், 34 வயது ஜார்ஜின் அன்றைய ஆட்டத்தை அளப்பாரா, அவருக்காக 2019இல் கொடுத்ததை அளப்பாரா என்பதற்கு மீட்பு கோருவோரின் எழுத்துகளில் விடை கிடைக்கவில்லை.