விற்காமல் நின்றவற்றின் விலையேற்றம்: அமெரிக்க மசில் கார் சேகரிப்பு உருவான வரலாறு

நடுத்தர அளவும் மிதமான விலையும் கொண்ட இரண்டு கதவுக் காரில், பெரிய கார்களுக்கென உருவாக்கப்பட்ட வி8 எஞ்சினை, அதாவது எட்டு சிலிண்டர்கள் இரு சாய்வரிசைகளாக அமைந்த எஞ்சினை, பொருத்தி விற்ற அமெரிக்க வாகன வகையே மசில் கார் எனப்படுகிறது. உயர்நிலைப் பள்ளி நாள்களில் கண்டு ஏங்கிய காரை, கையில் பணம் சேர்ந்த பின் நடுவயதில் தேடி வாங்குவதே இக்கார்களின் சேகரிப்புக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். இக்காரணம் உண்மையே என்றாலும் முழுமையானதன்று. ஏனெனில் இன்று ஏலங்களில் மிக உயர்ந்த விலைக்குப் போகும் கார்களுள் பல, அன்று வாங்க ஆளின்றி விற்பனை நிலையங்களிலேயே தேங்கிக் கிடந்தவை.

இவ்வகையின் முன்னோடியாக 1949ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபில் ராக்கெட் 88 காட்டப்படுவதுண்டு. எனினும் அதற்கெனத் தனிச் சந்தையை ஏற்படுத்தியது 1964இல் வந்த பான்டியாக் ஜிடிஓ. 1963 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையகம் தன் பிரிவுகள் பந்தயங்களில் ஈடுபடுவதைத் தடை செய்திருந்தது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்ற விதியும் நடைமுறையில் இருந்தது. பான்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய குழுவினரும், 389 கன அங்குல எஞ்சினைத் தனி மாடலாக அறிவிக்காமல், டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கு ஏறத்தாழ 295 டாலர் கூடுதல் விலையில் கிடைக்கும் விருப்பத் தொகுதியாகச் சேர்த்து, விதியைச் சாமர்த்தியமாகத் தாண்டினர். சில ஆயிரம் கார்கள் விற்றால் போதும் என்று எண்ணியிருந்த இடத்தில், முதல் ஆண்டிலேயே 32,450 கார்கள் விற்றன. 1966இல் அவ்வெண்ணிக்கை 96,946 ஆயிற்று.

காலமும் இதற்குத் துணை நின்றது. போருக்குப் பின் 1946இல் பிறந்த பெருந்தலைமுறையின் முதல் அணி 1964இல் பதினெட்டு வயதை எட்டியிருந்தது. பெரும்பாலான மாநிலங்களில் பதினாறு வயதிலேயே ஓட்டுநர் உரிமம் கிடைத்ததால், பள்ளியின் வாகன நிறுத்துமிடமே மாணவர்களின் தகுதியை அளக்கும் அரங்காக இருந்தது. இவர்களை மனத்தில் கொண்டே 1968இல் பிளிமத் நிறுவனம், அலங்காரங்களைக் குறைத்து, 3,000 டாலருக்கும் குறைந்த அடிப்படை விலையில் ரோட் ரன்னரைக் கொண்டுவந்தது. கேலிச்சித்திரப் பறவையின் பெயரையும் அதன் குரலை ஒத்த ஹாரனையும் பயன்படுத்த வார்னர் பிரதர்ஸுக்கு அது 50,000 டாலர் கொடுத்தது.

மறுபுறம், உச்ச வலிமை கொண்ட வகைகள் இளைஞர்களின் கைக்கு எட்டவே இல்லை. 426 கன அங்குல ஹெமி எஞ்சின், அதாவது அரைக்கோள வடிவ எரியறை கொண்ட எஞ்சின், 1970இன் பிளிமத் குடா (பாரகுடா) காருக்கு ஏறத்தாழ 870 டாலர் கூட்டியது. அது காரின் அடிப்படை விலையில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. 1971இல் கூரை மடிக்கும் ஹெமி குடா மொத்தம் 11 மட்டுமே தயாராயின. 1969இல் முழு அலுமினிய எஞ்சினுடன் வந்த கமேரோ இசட்எல்1 வகையில் 69 கார்கள் தயாரிக்கப்பட்டன. அவற்றில் 50ஐத் தருவித்த இல்லினாய் மாநிலத்தின் சிற்றூர் விற்பனையாளர், 7,000 டாலரைத் தாண்டிய விலைக்கு ஆள் கிடைக்காமல் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. பந்தயத் தகுதிக்காக 1970இல் வெளிவந்த பிளிமத் சூப்பர்பேர்டின் உயர்ந்த பின்சிறகையும் கூர்மூக்கையும் கழற்றிவிட்டு, அதைச் சாதாரண ரோட் ரன்னராக்கி விற்ற விற்பனையாளர்களும் இருந்தனர். பிற்காலச் சேகரிப்பாளர் தலையில் அடித்துக்கொள்ளும் செயல்தான். ஆனால் அன்று அது நியாயமான வணிகம்.

இம்மரபு பல பக்கங்களிலிருந்தும் அடைக்கப்பட்டது. காப்பீட்டு நிறுவனங்கள் வலிமை மிக்க கார் வைத்திருந்த இளைஞர்களுக்குக் கூடுதல் கட்டணம் விதித்தன. 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்தை முன்னிட்டு, ஈயம் குறைந்த பெட்ரோலுக்கேற்ப ஜெனரல் மோட்டார்ஸ் 1971இல் எஞ்சின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தது. மேசையில் தனியே நிறுத்திய எஞ்சினை அளந்துவந்த பழைய முறை மாறி, துணைக்கருவிகளோடு காரில் உள்ளபடி அளக்கும் நிகர முறை 1972இல் வந்தபோது, 365 குதிரைத்திறன் என விளம்பரப்படுத்தப்பட்ட ஷெவெல்லின் 454 கன அங்குல எஞ்சின் 270 என்று இறங்கியது; வீழ்ச்சியின் பெரும்பகுதி அளவைமாற்றமே எனினும், தாளில் கண்ட எண் வாங்குவோரின் மனத்தைத் தளர்த்தியது. 1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய்த் தடை எஞ்சியதையும் முடித்தது. ஜிடிஓவின் முதல் மரபும் 1974 மாடலோடு நின்றது. அதன்பின் அதிகம் பெட்ரோல் குடிக்கும் பழைய கார்களாகக் கைமாறி, பந்தயத்தில் உடைந்தும் துருப்பிடித்தும் பல அழிந்தன.

அத்தலைமுறை நாற்பதை நெருங்கிய 1980களில் மீட்பு தொடங்கியது. 1981இல் தொடங்கிய இயர் ஒன் போன்ற உதிரிபாக நிறுவனங்கள் மறுவார்ப்புப் பாகங்களை அஞ்சலில் விற்றன. அரிசோனாவின் பாரட்-ஜாக்சன் ஏலம் தொலைக்காட்சியில் நேரலையாக ஒளிபரப்பானபோது, விலை வீட்டுக்கூடங்களிலும் பேசுபொருளாயிற்று.

விலை ஏற ஏறப் போலிகளும் பெருகின. ஆவணமே காரின் உயிர் என்ற நிலை வந்தது. பி எஸ் 27 ஆர் 1 பி என்று தொடங்கும் அடையாள எண்ணைச் சேகரிப்பாளர் ஒருவர் எழுத்தெழுத்தாகப் படிப்பார்: பி என்பது பாரகுடா, 27 என்பது மடிகூரை, ஆர் என்பது ஹெமி, 1 என்பது 1971, இறுதியிலுள்ள பி ஹாம்ட்ராமிக் ஆலை. தொழிலாளர்களுக்குப் பாகங்களைக் குறிக்க அச்சிட்டு, வேலை முடிந்ததும் இருக்கைச் சுருள்களுக்குள் செருகிவிட்ட தயாரிப்புத் தாள், எண்ணெய்க்கறையோடு கிடைத்துவிட்டால் அது பொன்னுக்குச் சமம். 1964, 1965ஆம் ஆண்டுகளின் ஜிடிஓவிலோ இவ்வழி பயன்படாது. அது தனி மாடலாக அன்றி விருப்பத் தொகுதியாக விற்கப்பட்டதால், அடையாள எண் லெமான்ஸ் என்பதோடு நின்றுவிடுகிறது. மேலிடத்தின் விதியைத் தாண்டிய தந்திரமே போலி செய்வோருக்கும் வழிவிட்டது. ஆலைப் பதிவுகளின் நகலைத் தரும் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் இதனாலேயே இன்றியமையாததாயிற்று.

2000களின் நடுப்பகுதியில் ஊகவணிகர்களும் நுழைந்து விலையை ஏற்றினர்; 2008 நிதிநெருக்கடியோடு அது சரிந்தது. ஆனால் அரிய வகைகள் மீண்டெழுந்தன: 1971இன் அந்தப் பதினொரு மடிகூரை ஹெமி குடாக்களில் ஒன்று, 2014இல் சியாட்டிலில் நடந்த மீகம் ஏலத்தில் 35 இலட்சம் டாலருக்கு விற்றது. 2020 ஜனவரியில் அதே நிறுவனத்தின் ஏலத்தில், ‘புல்லிட்’ திரைப்படத்தில் ஓடிய 1968 மஸ்டாங், கீறலும் மங்கிய பூச்சுமாக, புதுப்பிக்கப்படாமலேயே, கட்டணங்களுடன் 37.4 இலட்சம் டாலர் பெற்றது. இதற்கிடையே அடுத்த தலைமுறை தன் பள்ளிக்காலக் கனவுகளோடு சந்தைக்கு வந்துவிட்டது. 25 ஆண்டு நிறைந்த வெளிநாட்டுக் கார்களுக்கு அமெரிக்க விதிகள் இறக்குமதி விலக்கு அளிப்பதால், 1990களின் ஜப்பானிய நிசான் ஸ்கைலைன்கள் இப்போது ஏல மேடைகளில் மசில் கார்களுக்கு அருகிலேயே நிற்கின்றன.